பிளக் பொருந்தினால் போதாது

(வெளிநாட்டு வேலைக்குச் செல்லவிருக்கும் சகோதரிகளுக்காகவும் அவர்களது குடும்பத்தாருக்காகவும் எமது மாதர் பிரிவு நடத்திய ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் ஆற்றிய உரை.)



வழக்கமாக நாம் கூடினால் சம்பளம், கொழுந்து நிறை, வீடு, காணி என்று பேசுவோம். இன்று ஒரு ரைஸ் குக்கரைப் பற்றிப் பேசப் போகிறோம். சிரிக்க வேண்டாம். அந்த ரைஸ் குக்கரால் ஒரு லயமே எரிந்திருக்கும்.

எங்கள் டிவிசனில் ஒரு சகோதரி நான்கு வருடம் சவூதியில் வேலை செய்துவிட்டுத் திரும்பினார். மேடம் கொடுத்தது என்று ஒரு ரைஸ் குக்கரை ஆசையாகக் கொண்டுவந்தார். அதன் பிளக்கில் தட்டையான இரண்டு கம்பிகள். நம் ஊர்ப் பொயின்டில் அது சேரவில்லை. தம்பி கெட்டிக்காரன். பழைய பிளக்கை வெட்டி எறிந்துவிட்டு, கடையில் வாங்கிய புதிய பிளக்கைப் பூட்டிக் கொடுத்தான். அரிசி போட்டார்கள், சுவிச்சைத் தட்டினார்கள். சில நிமிடங்களில் கருகல் வாசனை. பிறகு புகை. பிறகு வயரில் நெருப்பு. மேலே பலகையில் விறகு அடுக்கி வைத்திருந்தார்கள். பக்கத்துக் காம்பராவில் பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். யாரோ ஓடிப்போய் மெயின் சுவிச்சை நிறுத்தியதால் அன்று தப்பினோம்.

இதில் யார் குற்றவாளி? குக்கர் நல்ல குக்கர். மின்சாரமும் வழக்கமான மின்சாரம்தான். தம்பி பூட்டிய பிளக்கிலும் பிழை இல்லை. அந்தக் குக்கரும் இந்த மின்சாரமும் ஒன்றுக்கொன்று சேராதவை என்பதை யாரும் அந்தக் குடும்பத்துக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. அதைச் சொல்லிக் கொடுக்கத்தான் இன்று கூடியிருக்கிறோம்.

பீலித் தண்ணீரும் வோல்டேஜும்

நமக்குப் பீலி தெரியும். மலைக்கு மேலே டாங்கி இருந்தால், கீழே குழாயைத் திறந்தவுடன் தண்ணீர் சீறிக்கொண்டு வரும். டாங்கி கொஞ்ச உயரத்தில் இருந்தால் மெதுவாக வரும். தண்ணீர் ஒன்றுதான். தள்ளுகிற வேகம்தான் வேறு. மின்சாரத்தைத் தள்ளுகிற அந்த அழுத்தத்தைத்தான் வோல்டேஜ் என்கிறோம். அதை அளக்கிற அளவு வோல்ட்.

இலங்கையில் வீட்டுக்கு வருவது 230 வோல்ட். எல்லா நாட்டிலும் அப்படி இல்லை. ஜப்பானில் 100 வோல்ட். சவூதியில் நீண்ட காலமாக வீடுகளில் இரண்டு அழுத்தம் இருந்தது. விளக்குக்கும் சிறு சாமான்களுக்கும் 127 வோல்ட், ஏசி போன்ற பெரிய சாமான்களுக்கு 220 வோல்ட். 2010ஆம் ஆண்டு சவூதி அரசு இதை மாற்றி 230 வோல்டுக்குக் கொண்டுவரத் தீர்மானித்தது. ஆனால், அது ஒரே நாளில் நடக்கிற வேலை அல்ல, பல வருடத் திட்டம். அதனால் புதிய வீட்டில் ஒரு மாதிரி, பழைய வீட்டில் ஒரு மாதிரி. சில வீடுகளில் ஒரே சுவரில் பக்கத்துப் பக்கத்துப் பொயின்டில்கூட இரண்டு விதமாக இருக்கலாம்.

நம் சகோதரி கொண்டுவந்த குக்கர் 127 வோல்டுக்குச் செய்தது. அதை 230 வோல்டில் போட்டால் சூடு இரண்டு மடங்குக்குக் கொஞ்சம் குறைவாகத்தானே கூடும் என்று நினைப்போம். அது பிழை. அழுத்தம் இரண்டு மடங்கானால் சூடு நான்கு மடங்காகும். 127க்குச் செய்த 700 வோட்ஸ் குக்கர், 230இல் ஏறக்குறைய 2,300 வோட்ஸ் சூட்டை இழுக்கும். மூன்று மடங்குக்கும் மேல். ஒரு ஆள் தூக்குகிற கொழுந்து மூட்டையை விட்டுவிட்டு மூன்று மூட்டையைத் தலையில் வைத்தால் என்ன ஆகும்? அதுதான் அந்தக் குக்கருக்கும் நடந்தது.

மாறி நடந்தாலும் தொல்லை இருக்கிறது. 230 வோல்டுக்குச் செய்த 1,000 வோட்ஸ் அயன் பெட்டியை 127 வோல்ட் பொயின்டில் போட்டால், 300 வோட்ஸ் அளவுதான் சூடு வரும். துணி மடிப்பு நிமிராது. “இவளுக்கு அயன் பண்ணத் தெரியாது” என்ற பேச்சு நமக்கு வரும். ஃபிரிட்ஜ் போன்ற மோட்டர் உள்ள சாமானுக்கு இன்னும் மோசம். அழுத்தம் போதாமல் முனகும், சுற்ற முடியாமல் சூடேறும், கடைசியில் கருகும்.

எந்த நாட்டில் எப்படி

நம் பெண்கள் அதிகம் போகிற நாடுகளைப் பார்ப்போம். குவைத், கட்டார், ஓமான், பஹ்ரேன், ஐக்கிய அரபு இராச்சியம் ஆகியவற்றில் 220 முதல் 240 வோல்ட் வரை. நம் நாட்டுக்குச் சமம் என்றே எடுத்துக்கொள்ளலாம். பெரும்பாலும் மூன்று சதுரக் கம்பி பிளக்தான். ஜோர்தான், லெபனான் நாடுகளிலும் அழுத்தம் ஏறக்குறைய நம்முடையதுதான், பிளக்கின் உருவம் மாறும். கொரியாவுக்குப் போகிற தம்பிமாருக்கு அங்கே 220 வோல்ட், உருண்டையான இரண்டு கம்பி. நாம் மிகவும் கவனமாக இருக்க வேண்டிய இடம் சவூதி.

இன்னொரு விசயம். மின்சாரம் ஒரு வினாடிக்கு எத்தனை தடவை முன்னும் பின்னும் அசைகிறது என்ற கணக்கும் உண்டு. அதற்கு ஹேர்ட்ஸ் என்று பெயர். நமக்கு 50. சவூதியிலும் கொரியாவிலும் 60. அயன், கேத்தல் போன்ற சூடாக்குகிற சாமானுக்கு இது பெரிய விசயமில்லை. மோட்டர் உள்ளவற்றில் வேகம் மாறும், சில சாமான் அதிகமாகச் சூடேறும். அதனால் 60 என்று மட்டும் எழுதியிருக்கும் ஃபிரிட்ஜையும் வோஷிங் மெஷினையும் கப்பலில் ஏற்றி ஊருக்கு அனுப்பக் காசு செலவழிக்க வேண்டாம்.

லெபனானுக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே கரண்ட் அடிக்கடி நிற்கும். பல வீடுகள் தனியார் ஜெனரேட்டரிலிருந்து மாதக் காசு கட்டிக் கரண்ட் எடுக்கின்றன. சில வீடுகளுக்கு 5 ஆம்பியர்தான். கணக்குப் பார்த்தால் 1,100 வோட்ஸ் அளவு. ஒரு அயன் பெட்டியே அதை முழுவதும் தின்றுவிடும். ஜெனரேட்டர் ஓடும்போது அயனையும் வோஷிங் மெஷினையும் ஒன்றாகப் போட்டால் பிரேக்கர் விழும், வீடே இருட்டாகும். எது ஜெனரேட்டர் நேரம், அந்த நேரத்தில் எதைப் போடக்கூடாது என்று முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள்.

எழுத்துப் படிக்கத் தெரியாவிட்டாலும் இதைப் படிக்கலாம்

ஒவ்வொரு மின் சாமானின் அடியிலோ பின்புறத்திலோ ஒரு சின்னத் தகடு அல்லது ஸ்டிக்கர் இருக்கும். ஆங்கிலம் தெரியாது என்று பயப்பட வேண்டாம். எண் தெரிந்தால் போதும். இரண்டு கோடுகள் கீழே கூராகச் சேருகிற “வீ” எழுத்தைத் தேடுங்கள். அதற்கு முன்னால் இருக்கும் எண்தான் வோல்ட். இரண்டு “வீ” ஒட்டி நிற்பது போன்ற எழுத்துக்கு முன்னால் இருப்பது வோட்ஸ், அதாவது எவ்வளவு கரண்ட் தின்னும் என்ற கணக்கு.

அந்த வோல்ட் எண்ணை மூன்று விதமாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

220, 230, 240 அல்லது 220–240 என்று இருந்தால் நம் நாட்டுக்கும் வளைகுடாவின் பெரும்பாலான வீடுகளுக்கும் சரி. சவூதி வீட்டின் 127 வோல்ட் பொயின்டுக்குச் சரியில்லை.

100, 110, 120, 127 என்று மட்டும் இருந்தால் நம் ஊரில் நேராகச் சொருகக் கூடாது. கொண்டுவரவும் வேண்டாம்.

100–240 என்று நடுவில் கோடு போட்டு எழுதியிருந்தால் அந்தச் சாமான் எல்லா நாட்டுக்கும் சரி. நல்ல போன் சார்ஜர்கள் அநேகமாக இந்த வகைதான். பிள்ளைகளோடு பேசுவதற்கு நமக்கு இருக்கிற ஒரே வழி அந்தப் போன். ஆகையால் புறப்படும் முன்பே சார்ஜரின் அடியைப் பாருங்கள்.

சில சாமானில் 110 என்றும் 220 என்றும் எழுதிய ஒரு சின்ன நகர்த்தும் பொத்தான் இருக்கும். துடைக்கும்போது அதைத் தள்ளிவிடாதீர்கள். 220 பொயின்டில் இருக்கிற சாமானின் பொத்தான் 110 பக்கம் போய்விட்டால், அடுத்த தடவை சுவிச் போட்டவுடன் அது தீர்ந்தது.

அடப்டர் வேறு, ட்ரான்ஸ்போமர் வேறு

கடையில் மலிவாக விற்கிற அடப்டர் பிளக்கின் உருவத்தை மட்டும் மாற்றும். அழுத்தத்தை மாற்றாது. தம்பி புதிய பிளக் பூட்டியதும் இதே வேலைதான். சாவி பூட்டுக்குள் போகிறது என்பதற்காக அது நம் வீடு ஆகிவிடாது.

அழுத்தத்தை மாற்றுவது ட்ரான்ஸ்போமர். அது பாரமான பெட்டி. அதற்கும் எத்தனை வோட்ஸ் தாங்கும் என்ற அளவு உண்டு. 300 வோட்ஸ் ட்ரான்ஸ்போமரில் 700 வோட்ஸ் குக்கரைப் போட்டால் ட்ரான்ஸ்போமரே எரியும். நம் ஊர்ச் சந்தையில் ஜப்பானில் பாவித்த சாமான்கள் மலிவாக விற்கிறார்கள். அவற்றில் பல 100 வோல்ட். அளவான ட்ரான்ஸ்போமரையும் சேர்த்து வாங்கினால் அது மலிவாக இருக்காது. கணக்குப் பார்த்து வாங்குங்கள்.

வேலைக்குப் போன முதல் நாள்

அங்கே போய் இறங்கியவுடன் தூக்கக் கலக்கம், புதுப் பாஷை, புது வீடு. சமையலறையில் நாம் கண்டிராத பத்துச் சாமான் இருக்கும். தெரியாது என்று சொல்ல வெட்கப்பட வேண்டாம். தெரியாததைத் தெரியும் என்று சொல்லி எரித்துவிட்டால்தான் பழி வரும். அரபியில் மின்சாரத்துக்குக் “கஹ்ரபா” என்று பெயர். “கம் வோல்ட்?” என்று பொயின்டைத் தொடாமல் கையால் காட்டிக் கேளுங்கள். “எத்தனை வோல்ட்” என்று அர்த்தம். எந்தச் சாமான் எந்தப் பொயின்டுக்கு என்று ஒரு தடவை போட்டுக் காட்டச் சொல்லுங்கள். ஒரு பொயின்டில் இருக்கும் சாமானைக் கேட்காமல் இன்னொரு பொயின்டுக்கு மாற்றாதீர்கள். நிறம் மாறிய பொயின்ட், ஸ்டிக்கர் ஒட்டிய பொயின்ட் என்றால் அதற்கு ஒரு காரணம் இருக்கும்.

மெயின் சுவிச் எங்கே என்று அன்றே பார்த்து வையுங்கள். ஈரக் கையால் பிளக்கைத் தொட வேண்டாம். தரைக்குத் தண்ணீர் அடித்துக் கழுவும்போது கீழே கிடக்கும் வயரை முதலில் கழற்றித் தூக்கி வையுங்கள். அயன் பண்ணும்போதும் வோஷிங் மெஷினிடம் போகும்போதும் காலில் ரப்பர் செருப்பு இருக்கட்டும். பிளெண்டரைக் கழுவுவதற்கு முன் சுவிச்சை நிறுத்தினால் போதாது, பிளக்கையே கழற்றுங்கள். வயரைப் பிடித்து இழுக்காமல் பிளக்கைப் பிடித்துக் கழற்றுங்கள். தொட்டால் “சுர்” என்று இழுக்கிற சாமான் ஒன்று இருந்தால், அதை மறுபடி தொடாமல் உடனே சொல்லுங்கள். இன்று சுர் என்றது நாளைக்கு உயிரை எடுக்கும்.

இவ்வளவு கவனமாக இருந்தும் ஒரு சாமான் எரிந்துவிட்டால்? ஒளிக்காதீர்கள். திறந்து பார்க்காதீர்கள். உடனே சொல்லுங்கள். முடிந்தால் அந்தத் தகட்டையும் பொயின்டையும் போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள். 110 வோல்ட் சாமானை 220 பொயின்டில் போடச் சொன்னது யார் என்பதற்கு அந்தப் படம் சாட்சி சொல்லும். அதற்காகச் சம்பளத்தைப் பிடித்தால், கை வைத்தால், மௌனமாக இருக்காதீர்கள். அந்த நாட்டிலுள்ள நம் தூதரகத்தின் தொழிலாளர் பிரிவுக்குச் சொல்லுங்கள். ஊரில் இருக்கிற குடும்பத்தார் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம். நம் சங்கத் தலைவரிடமும் சொல்லுங்கள். கடல் கடந்து போனாலும் நீங்கள் தொழிலாளிதான், சங்கத்தின் பிள்ளைதான்.

ஊர் திரும்பும்போது, லயத்துக்குள்

இப்போது வீட்டில் இருக்கிறவர்களுக்குச் சொல்கிறோம். சரியான வோல்ட் சாமானாகவே இருந்தாலும் நம் லயத்து வயர் அதைத் தாங்குமா என்று ஒரு கேள்வி இருக்கிறது.

ஒரு 13 ஆம்பியர் சதுரப் பொயின்ட் ஏறக்குறைய 3,000 வோட்ஸ் தாங்கும். பழைய 5 ஆம்பியர் உருண்டைப் பொயின்ட் 1,150 வோட்ஸ் அளவுதான். விடியற்காலையில் பிரட்டுக்கு நேரமாகிறது என்று ஒரே மல்டி பிளக்கில் 2,000 வோட்ஸ் கேத்தல், 700 வோட்ஸ் குக்கர், பிள்ளையின் பாடசாலைச் சட்டைக்கு 1,000 வோட்ஸ் அயன். கூட்டிப் பாருங்கள், 3,700. நல்ல பொயின்டுக்கே அது அதிகம். பக்கத்துக் காம்பராவிலிருந்து மெல்லிய வயரில் இழுத்த கரண்ட் என்றால் கேட்கவே வேண்டாம். சூடாகிறவற்றை ஒன்றன்பின் ஒன்றாகப் போடுங்கள். கைக்குச் சூடு தெரிகிற பிளக்கையும் வயரையும் பாவிக்காதீர்கள்.

நம் வீடுகளில் இரண்டு கெட்ட பழக்கம் உண்டு. ஒன்று, பிளக்கே இல்லாமல் வயரின் நுனியைச் சீவித் தீக்குச்சியால் பொயின்டில் இறுக்குவது. மற்றது, சதுரப் பொயின்டின் மேல் துவாரத்தில் பேனா மூடியைச் செருகிவிட்டு இரண்டு கம்பி பிளக்கைத் தள்ளுவது. அந்த மேல் துவாரம் எர்த்துக்கானது. அயன், கேத்தல், குக்கர் போன்ற இரும்பு உடம்புள்ள சாமானில் கரண்ட் கசிந்தால் அதை மண்ணுக்கு அனுப்பி நம்மைக் காப்பாற்றுகிற வழி அது. மூன்று கம்பி உள்ள பிளக்கின் எர்த் கம்பியை வெட்டி எறிவது, பிள்ளையின் கையைப் பிடித்துக் கரண்டில் வைப்பதற்குச் சமம். ட்ரிப் சுவிச் அடிக்கடி விழுகிறது என்று அதைக் கட்டி வைக்கிறவர்களும் இருக்கிறார்கள். அது விழுவது தொந்தரவு கொடுக்க அல்ல. எங்கோ கரண்ட் கசிகிறது என்று சொல்வதற்கு.

யாராவது கரண்டில் சிக்கினால் ஓடிப்போய்ப் பிடிக்காதீர்கள். முதலில் மெயினை நிறுத்துங்கள். முடியாவிட்டால் காய்ந்த கட்டையால் வயரைத் தள்ளுங்கள். 1990க்கு அழைத்தால் அம்புலன்ஸ் வரும். மின் நெருப்புக்கு மெயினை நிறுத்தும்வரை தண்ணீர் ஊற்றக் கூடாது. வெளியே கம்பி அறுந்து கிடந்தால் பிள்ளைகளை அண்டவிடாமல் மின்சார சபையின் 1987க்குச் சொல்லுங்கள்.

நாம் கேட்க வேண்டியது

எல்லாப் பொறுப்பையும் நம் தலையில் மட்டும் போட்டுக்கொள்ளவும் நாம் தயாரில்லை. ஒரு பெண்ணை வெளிநாட்டுக்கு அனுப்புகிறவர்கள் அவள் போகிற நாட்டின் வோல்டேஜையும் பிளக்கையும் அவளுக்குத் தமிழில், கையில் சாமானைக் கொடுத்துக் காட்ட வேண்டும். ஒரு தாளில் கையெழுத்து வாங்கினால் அது பயிற்சி ஆகாது. லயத்தில் ஒரு காம்பரா எரிந்தால் ஒரே கூரைக்குக் கீழ் உள்ள எல்லாக் காம்பராவும் எரிகிறது. ஆகவே ஒவ்வொரு காம்பராவுக்கும் தனி மீட்டர், சரியான வயரிங், எர்த், ட்ரிப் சுவிச் வேண்டும். இதைத் தோட்டக் கமிட்டிகள் எழுத்தில் கேட்க வேண்டும். எந்த லயத்தில் வயர் தொங்குகிறது, எந்தப் பொயின்ட் கருகியிருக்கிறது என்று எழுதித் தலைவரிடம் கொடுங்கள். வாயால் சொன்னது காற்றில் போகும். எழுதிக் கொடுத்தது பைலில் இருக்கும்.

கடைசியாக ஒரு வேலை தருகிறோம். இன்று வீட்டுக்குப் போனதும் பிளக்கைக் கழற்றிவிட்டு, உங்கள் குக்கரையும் அயனையும் திருப்பி அடியைப் பாருங்கள். வோல்ட் எண்ணைப் பிள்ளைகளை விட்டு வாசிக்கச் சொல்லுங்கள். 230 என்று இருந்தால் நிம்மதி. 110 என்றோ 127 என்றோ இருந்தால், யார் கொடுத்த பரிசாக இருந்தாலும் அதைச் சொருகாதீர்கள்.

அந்தச் சகோதரி இன்று இந்தக் கூட்டத்தில் முன் வரிசையில் இருக்கிறார். நான்கு வருடம் பிள்ளைகளைப் பிரிந்து உழைத்து வந்தவர், வந்த முதல் மாதமே எல்லாவற்றையும் இழந்திருப்பார். கருகிய குக்கரை எறியாமல் வைத்திருந்து, எல்லோரும் பார்க்கட்டும் என்று அவரே இன்று கொண்டுவந்திருக்கிறார். கூட்டம் முடிந்ததும் வந்து அதன் அடியைப் பாருங்கள். எண் இன்னும் அழியாமல் தெரிகிறது.